கள்ளருக்குக் கொடுக்கும் காசு

"தங்கச்சி, உம்மடை கள்ளருக்கு இனி ஒரு சதமும் இல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்."

நகரசபைக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வாகனத் தரிப்பிடத்தில், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் இதைத் தமிழில் சொன்னார். பக்கத்தில் இரண்டு மூன்று அதிகாரிகள் நின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே சொன்னார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், தமிழர் இருவர் அன்பாகச் சுகம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டுப் பழகியவள். ஜேர்மனியில், கொலோனுக்கும் வுப்பர்டாலுக்கும் இடையில் உள்ள எங்கள் நகரத்தில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. அகதியாக வந்து, ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு சொந்தமாக மளிகைக் கடை போட்டவர். தமிழ்ச் சங்கத்தில் முன்வரிசை ஆள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கட்சி அவரைப் பிடித்து நகரசபையின் சமூகநலக் குழுவில் உறுப்பினராக்கியது. எங்களில் ஒருவர் அங்கே இருக்கிறாரே என்று அப்போது நானும் சந்தோசப்பட்டேன். அவருடைய கடையில் இனிப்பு வாங்கி என் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

நான் எட்டு வயதில் அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள். கொலோனில் சமூகப்பணி படித்தேன். போதைக்கு அடிமையானவர்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்தேன். நகரத்துக்கு வெளியே இருக்கும் சிறைச்சாலைக்குப் போய், உள்ளே இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. "ஆரும் கேட்டால் ஒஃபிசிலை வேலை எண்டு சொல்லு" என்று அம்மா சொல்லித் தந்தா. நான் கேட்கவில்லை. கேட்பவர்களிடம் சிறையில் வேலை என்றே சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். சிறைச்சாலை மாநில அரசுக்குச் சொந்தமானது. மதில், கதவு, காவலர், சாப்பாடு எல்லாம் அவர்களுடையது. ஆனால் அங்கே போகும் ஆலோசகர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை எங்கள் நகரசபை கொடுத்து வந்தது. உள்ளே இருப்பவர்கள் ஒருநாள் வெளியே வந்து இந்த நகரத்தில்தான் வாழப் போகிறார்கள் என்று எப்போதோ யாரோ யோசித்துப் போட்ட ஏற்பாடு அது. வருமானம் குறைந்தபோது நகரசபை மாநிலத்தைப் பார்த்தது. மாநிலம் நகரசபையைப் பார்த்தது. இருவரும் மிகவும் மரியாதையான மொழியில், இது உங்கள் பொறுப்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. போதைப் பழக்கத்தால் குற்றம் செய்தவர், மிச்சத் தண்டனைக் காலம் அதிகமில்லாவிட்டால், சிறைக்குப் பதிலாக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே இடம் கிடைக்க வேண்டும், செலவை ஏற்க ஒரு காப்புறுதி நிறுவனம் சம்மதிக்க வேண்டும், நீதித்துறை தலையசைக்க வேண்டும். அதற்கெல்லாம் விண்ணப்பம் எழுதுவது நாங்கள்தான். அதைவிட முக்கியமானது, அந்த ஆள் உண்மையாகவே விட நினைக்கிறானா, இல்லை மதிலுக்கு வெளியே போனால் போதும் என்று நடிக்கிறானா என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து கதைத்துக் கண்டுபிடிப்பது. நாங்கள் போகாவிட்டால் அதைச் செய்ய அங்கே வேறு ஆள் இல்லை.

காவலர்களுக்கு எங்களைப் பிடிக்காது. ஒருவர் நான் வரும் போதெல்லாம், "கட்டிப்பிடிக்கும் கட்சி வந்துவிட்டது" என்று மற்றவருக்குக் குரல் கொடுப்பார். என் பையை மற்றவர்களின் பையைவிட அதிக நேரம் கிண்டுவார். உள்ளே போதைப்பொருள் இல்லையென்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காகிதத்தை மருந்தில் ஊறவைத்துக் காயவிட்டுக் கடிதமாக அனுப்புகிறார்கள். நகத்தின் அளவு கிழித்துப் புகைத்தால் போதும், ஆள் விழுந்துவிடுவான். அதனால் கைதிகளுக்குத் தாயின் கடிதத்தைக்கூடப் பிரதி எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் காவலர் இப்படி விழுந்தவர்கள் பலரைத் தூக்கியவர். அவருடைய வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கும். அண்ணையின் வெறுப்பும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நான் வெளியே சொல்ல முடியாமல் இருந்தது.

அண்ணையின் சொந்தத் தங்கச்சியின் மகன் எங்கள் சிறையில் இருந்தான்.

இதை எழுத அவன் சம்மதம் தந்திருக்கிறான். "பேரைப் போடாதேங்கோ, மிச்சத்தை எழுதுங்கோ" என்றான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கார் திருத்தும் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டவன். கொண்டாட்டங்களில் தொடங்கி, பிறகு கொண்டாட்டமே இல்லாமல் தனியே தூள் எடுக்கும் நிலைக்கு வந்தவன். கடைசியில், மாமாவின் கடைக்குள் பின்கதவால் புகுந்தபோது மாமி எதிரே வந்துவிட்டா. தள்ளிவிட்டு ஓடினான். அவ படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அந்த வழக்கில் மாமா சாட்சி சொன்னார். அவன் உள்ளே போனான்.

ஊருக்கு வேறு கதை சொல்லப்பட்டது. அவன் கனடாவில் இருக்கிறான். நல்ல வேலை. லீவு கிடைப்பதில்லை. அவனுடைய தாய் இந்தக் கதையைக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லிக்கொண்டு திரிந்தா. நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

முதல் நாள் அவன் என் எதிரே உட்கார்ந்து ஜேர்மன் மொழியான டொச்சிலேயே கதைத்தான். நான் தமிழில் ஒரு வார்த்தை சொன்னதும் கையை உயர்த்தினான்.

"தமிழ் வேண்டாம். தமிழிலை கதைச்சால் அம்மா வந்து பக்கத்திலை நிக்கிறமாதிரிக் கிடக்கு." அதை மட்டும் தமிழில் சொன்னான். பிறகு, "நீங்கள் வெளியிலை போய் ஆராருக்குச் சொல்லப் போறியள்?" என்றான்.

"ஒருத்தருக்கும் இல்லை. சட்டம் விடாது. என்ரை மனமும் விடாது."

"எங்கடை சனத்தைப் பற்றி எனக்குத் தெரியும் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமை வந்து, ஒரு மணித்தியாலம் முழுவதும் என்னைத் திட்டினான். சம்பளத்துக்காக வருகிறவள் என்றான். வெள்ளைக்காரருக்குத் தமிழரைக் காட்டிக் கொடுப்பவள் என்றான். நான் இருந்து கேட்டேன். அதற்குப் பிறகு ஒழுங்காக வரத் தொடங்கினான். குழுவில் மற்றவர்களுக்கு முன்னால், மாமி விழுந்த சத்தத்தைப் பற்றி முதல் தடவையாகச் சொன்ன நாளில், அவன் நடிக்கவில்லை என்று முடிவெடுத்து விண்ணப்ப வேலையைத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான், வெட்டப்பட வேண்டிய செலவுகளில் எங்கள் திட்டமும் இருக்கிறது என்ற செய்தி வந்தது. சமூகநலக் குழுவில் அது விவாதத்துக்கு வரும், நான் போய் எங்கள் பக்கத்தை விளக்கலாம் என்று அமைப்பில் சொன்னார்கள். அதற்கான முன்பேச்சுக்கு நகரசபைக்குப் போன நாளில்தான் அண்ணை வாகனத் தரிப்பிடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் இந்த விசயத்திலை விலகி நிக்க வேணும். ஏனெண்டு உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீர் சொல்லும் பாப்பம்." சிரிப்பு மாறவில்லை. "உமக்கு வாய் திறக்க ஏலாது. எனக்கு ஏலும்."

காரில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை இரண்டு மொழிகளிலும் சொல்லித் தீர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தாய், அண்ணையின் தங்கச்சி, என் வீட்டுக்கு வந்தா. கதவைத் திறந்ததும், சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றா.

"நீர் அங்கை போய்க் கதைக்கப் போறீராம். உண்மையோ?"

"ஓம் அக்கா. உள்ளுக்கை வாங்கோ."

"நான் இருக்க வரேல்லை. நீர் கதைச்சால் பேப்பரிலை வரும். பேப்பரிலை வந்தால், அந்தச் சிறையிலை தமிழ்ப் பெடியள் இருக்கினமோ எண்டு சனம் கேக்கத் தொடங்கும். பேந்து ஆர், எவர் எண்டு தேடும். உமக்கு ஏன் இந்த வேலை?"

அவன் என்னிடம் வருகிறான் என்று அவவிடம் நான் சொல்ல முடியாது. ஆனால் அவன் சொல்லியிருந்தான் போல. "அவனுக்கு நீர்தான் எல்லாம் செய்யிறீராம்" என்று அவவே தொடர்ந்தா. "அவன்ரை அலுவலைச் சத்தம் போடாமல் முடிச்சுவிடும். மிச்சப் பேரைப் பற்றி உமக்கென்ன? இந்தத் திட்டம் நிண்டால் நிக்கட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, திட்டம் நிண்டால் ஒருத்தற்றை அலுவலும் முடியாது" என்றேன். "சம்பளம் இல்லாமல் என்னை அந்தக் கேற்றுக்குள்ளை விடமாட்டாங்கள். உங்களுக்கு விளங்குதோ?"

"அப்ப அவன்?"

அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, விருப்பமும் இல்லை. அவ என்னை ஒருவிதமாகப் பார்த்தா. பிறகு, "நீர் எங்கடை மானத்தை வித்துத்தான் சம்பளம் எடுக்கிறீர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனா. தாயும் மகனும் ஒரே மாதிரித் திட்டுகிறார்கள் என்று அப்போது தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்துக்கு முன்பு அண்ணையை ஒருமுறை நேரில் சந்தித்துக் கதைக்கலாம் என்று கடைக்குப் போனேன். அவர் இல்லை. காசு வாங்குமிடத்தில் அவருடைய மனைவி இருந்தா. நான் எதற்கு வந்தேன் என்று கேட்காமலே அவவுக்குத் தெரிந்துவிட்டது.

"அவர் இல்லை. இருந்தாலும் உங்களோடை கதைக்கமாட்டார்" என்றா. முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கியபடியே, என்னைப் பார்க்காமல் தொடர்ந்தா. "அவர் அந்த மீட்டிங்கிலை என்ரை கையைப் பற்றித்தான் சொல்லப் போறார். நீங்கள் என்ன சொல்லப் போறியள்? அந்தப் பெடியன் பாவம் எண்டோ?"

"ஒருத்தற்றை பெயரும் சொல்லமாட்டன் அக்கா."

"சொன்னால் என்ன, சொல்லாட்டி என்ன. அவர் வெளியிலை விடக்கூடாது எண்டுறார். நீங்கள் வெளியிலை எடுக்க வேணும் எண்டுறியள். உனக்கு என்ன வேணும் எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. வழக்கு நடக்கேக்கை கோட்டிலையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"உங்களுக்கு என்ன வேணும்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தா. "அவன் திருந்த வேணும். திருந்தினாலும் என்ரை முகத்திலை முழிக்கக்கூடாது. இரண்டும் வேணும். இப்ப நீங்கள் போங்கோ, ஆக்கள் நிக்கினம்."

பின்னால் உண்மையாகவே இரண்டு பேர் நின்றார்கள். நான் எதையும் வாங்காமல் வெளியே வந்தேன்.

குழுக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஒலிவாங்கி. ஒரு மூலையில் பார்வையாளர்களுக்கான கதிரைகள். வழக்கமாக அங்கே ஒருவரும் இருப்பதில்லை. அன்றைக்கு ஒரு பத்திரிகையாளரும், ஓய்வுபெற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். கடைசிக் கதிரையில் அவனுடைய தாய், மழைக்கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி. நான் கதைப்பதைத் தடுக்க வந்திருக்கிறா என்றுதான் நினைத்தேன்.

எனக்கு முன்பு சிறுவர் பூங்காக்களுக்கான வேலி பற்றிப் பேசினார்கள். அதில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். எங்கள் விடயம் வந்ததும் பாதிப்பேர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் எழுந்து, சிறைக்குள் என்ன செய்கிறோம் என்று சொன்னேன். ஒருவர் இடைமறித்து, "சிறைக்குள் இருப்பவர்களுக்குப் போதைப்பொருளே கிடைக்கக் கூடாது. அப்படியானால் இந்தச் சிகிச்சை எதற்கு?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நான் அந்த ஊறவைத்த காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னொரு பெண் உறுப்பினர், "முதியோர் இல்லத்துக்கு இல்லாத காசு இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?" என்றார். அந்தக் கேள்வியில் அவர் மகிழ்ந்ததுபோல இருந்தது.

பிறகு அண்ணை ஒலிவாங்கியை அழுத்தினார்.

அவருடைய டொச் அழகானது. கழுவிய பாத்திரங்களுக்கு இடையில் தானாகப் படித்த மொழி. அதை அவர் நிதானமாகப் பயன்படுத்தினார். தான் ஒரு அகதியாக வந்ததைச் சொன்னார். உழைத்ததைச் சொன்னார். தன் கடைக்குள் புகுந்தவனைப் பற்றிச் சொன்னார். தன் மனைவியின் கை உடைந்ததைச் சொன்னார். "இன்றைக்கும் அவரால் ஒரு அரிசிப் பையைத் தூக்க முடியாது. அவருக்குச் சிகிச்சை கொடுங்கள் என்று நான் உங்களிடம் வரவில்லை. ஆனால் அதைச் செய்தவனுக்குச் சிகிச்சை கொடுக்க என் வரியைக் கேட்கிறீர்கள்" என்றார். அந்த ஆளை 'ஒரு போதைக்காரன்' என்று மட்டும் சொன்னார்.

தொலைபேசிகள் கீழே போயின. நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அவர் சொன்னதில் ஒரு வரியும் பொய்யில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை இன்னும் கூட்டியது.

"அண்ணை!"

கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவனுடைய தாய் எழுந்து நின்றா.

"அண்ணை, நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. மிச்சத்தையும் சொல்லுங்கோ. அவன் ஆரெண்டு சொல்லுங்கோ."

கூட்டத்தலைவி மணியைத் தட்டினா. பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று சொன்னா. அவவுக்கு அது கேட்கவில்லை. "அவன் என்ரை பிள்ளை. உங்கடை மருமகன். கனடாவிலை இல்லை, அங்கை, அந்த மதிலுக்குப் பின்னாலை கிடக்கிறான். அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கம். எனக்கும் வெக்கம்தான். ஆனா நீங்கள் அதை மறைச்சுப்போட்டு அவன்ரை வழியை அடைக்கிறியள்."

அண்ணை முகத்தைத் திருப்பவில்லை. முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸையே பார்த்தார். கூட்டத்தலைவி என் பக்கம் திரும்பினா. "உங்களுக்கு இந்த மொழி தெரியும்தானே? அவர் என்ன சொல்கிறார்?"

நான் அந்தத் தாயைப் பார்த்தேன். வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லாத விடயம் அது.

"சொல்லும்" என்றா அவ. "ஒண்டும் விடாமல் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பவர் சொல்பவரின் வாயாக இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால், "அவன் என் பிள்ளை" என்றே டொச்சில் சொன்னேன். மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒருவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் பிள்ளை என்றே ஒரு கணம் நினைத்துவிட்டார் போல. நான் அவரைத் திருத்தவில்லை.

அண்ணை ஒலிவாங்கியை அழுத்தி, "இது குடும்ப விடயம். இந்தக் குழுவுக்குச் சம்பந்தமில்லாதது" என்று டொச்சில் சொன்னார்.

அவவுக்கு அந்த அளவு டொச் விளங்கும். "குடும்ப விசயமெண்டால் நீங்கள் ஏன் இஞ்சை கதைச்சனியள்?" என்றா. அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தை இடைநிறுத்தினார்கள். வெளியே நடைக்கூடத்தில் அண்ணை என்னிடம் வந்தார். "உமக்கு இப்ப சந்தோசமோ? ஒரு குடும்பத்தைச் சந்தியிலை நிப்பாட்டிப்போட்டீர்."

"உங்களை அங்கை கதைக்கச் சொன்னது நானில்லை அண்ணை. உங்கடை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நானில்லை."

"இனி என்ரை கடைப்பக்கம் வராதேயும்."

"வரமாட்டன்" என்றேன். இன்றுவரை போகவில்லை.

மறுபடி கூடியபோது அவர் உள்ளே வரவில்லை. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவுமில்லை. மற்றவர்கள் கொஞ்ச நேரம் குசுகுசுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏற்கெனவே ஆலோசனை தொடங்கியவர்கள் முடிக்கும்வரை நகரசபை பணம் கொடுக்கும். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. கைகள் உயர்ந்தன. அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

மறுநாள் நகரசபை அதிகாரி ஒருவர் தொலைபேசியில், "உங்களுக்கும் ஒரு வெற்றிதானே" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஒரு தாய் எழுந்து நின்று கத்தியதால் அவவின் மகனுக்கும் அவனோடு இருந்த சிலருக்கும் வழி கிடைத்தது. கத்த ஆளில்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதை வெற்றி என்று சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

அந்த மாதமே புதிதாக உள்ளே வந்த ஒருவன் என்னை நடைக்கூடத்தில் மறித்தான். முன்பற்கள் இல்லாத, மெலிந்த ஜேர்மன்காரன். தனக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டும், தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னான். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான். நகரசபை, மாநிலம் என்று விளக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீ எதற்கு இங்கே வருகிறாய்?" என்று கத்தினான். காவலர் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார். கட்டிப்பிடிக்கும் கட்சி என்று சொல்லும் அதே காவலர். அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஜேர்மன்காரனின் தண்டனை குளிர்காலத்தில் முடிந்தது. வெளியே விட்ட சில நாட்களில் ரயில் நிலையக் கழிப்பறையில் இறந்து கிடந்தான். உள்ளே பழக்கம் குறைந்த உடம்பில், வெளியே வந்ததும் பழைய அளவை ஏற்றினால் இப்படித்தான் நடக்கும். புதிதாக வேலைக்குச் சேருபவருக்கே முதல் நாளில் சொல்லிக் கொடுக்கும் விடயம் இது. வெற்றி என்று சொன்ன அந்த அதிகாரியை நான் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார். பிறகு, "ஆனால் சிறைச்சாலை மாநிலத்தின் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்காக எங்கள் அமைப்பு மன்னிப்புக் கேட்டது. நான் கேட்கவில்லை.

மருமகனுக்கு மலைப்பக்கத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் இடம் கிடைத்தது. போய்க் கொஞ்சக் காலத்திலேயே அங்கிருந்து ஓடினான். ஏதோ ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்று தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். "வீட்டுக் கதவு திறக்கமாட்டன். வந்த வழியிலை திரும்பிப் போ" என்று அவ சொல்லியிருக்கிறா. சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிட்டு, விறாந்தையில் நிலத்தில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னா. அவன் திரும்பிப் போனான். நிலையத்தார் நிறைய யோசித்துத்தான் மறுபடி சேர்த்தார்கள். முடித்தான். இப்போது ஹனோவரில் தோட்டங்கள் போடும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறான். மாமியிடம் மன்னிப்புக் கேட்க வர விரும்புவதாகச் சொல்லி அனுப்பினான். மாமி வரவேண்டாம் என்றா. அதில் யாரும் தலையிட முடியாது. நான் தலையிடவில்லை.

கோயிலில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் கொஞ்சக் காலம் யாரும் உட்காரவில்லை. முன்பு சமையலுக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "கனடா, கனடா எண்டு சொல்லிச் சொல்லியே களைச்சுப் போனன். இப்ப ஒருத்தரும் கேக்காதது நிம்மதியாக் கிடக்கு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னா. என்னோடு அவ சிநேகமாகிவிட்டா என்று சொல்ல முடியாது. கண்டால் நின்று இரண்டு வார்த்தை கதைப்பா, அவ்வளவுதான். ஆனால் அவவிடம் என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிய சில தாய்மார் என்னை அழைத்தார்கள். எல்லோரும் முதலில், "இது எங்கடை வீட்டு விசயமில்லை, தெரிஞ்ச ஒராள்" என்றுதான் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி சங்கத்து விழாவில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பினா. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவவிடம் நேரே போய் வணக்கம் சொன்னேன்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மறுபடி எங்கள் விடயம் வந்தது. மறுபடி போனேன். அண்ணை அதே இடத்தில் இருந்தார். தங்கச்சியோடு அவருக்குப் பேச்சு இல்லை, என்னோடும் இல்லை. இந்தமுறை நான் இறந்தவனைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஆனால் உரத்த குரலில் சொன்னேன். மாநிலம் ஒரு பங்கு தரச் சம்மதித்திருந்தது. நகரசபை மிச்சத்தில் ஒரு பகுதியைத் தருவதாக முடிவானது. பழைய அளவில் பாதி வேலைநேரம். புதியவர்களைச் சேர்க்கலாம். எதிராகக் கை உயர்த்தியவர்களில் அண்ணையும் ஒருவர். இந்தமுறை எதுவும் கதைக்காமல் உயர்த்தினார்.

அடுத்த கிழமை உள்ளே போனேன். ஆலோசனை அறையில் இதுவரை சேர்க்கப்படாதிருந்த நாலைந்து பேர் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் கதிரையை உதைத்துவிட்டு எழுந்தான்.

"இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தீர்கள்?"

அவன் கேட்டதில் பிழையில்லை. விழுந்த கதிரையை நிமிர்த்தி, அதில் நானே உட்கார்ந்து, "சொல்லு, கேட்கிறேன்" என்றேன். அவன் நின்றபடியே திட்டத் தொடங்கினான்.